மழைக்கு இறுகிய ஸ்டியரிங்

அந்த ஜீப்பை ஒரு சுண்டுவிரலால் திருப்பலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் நம்பவில்லை. லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அது வந்து சேர்ந்த நாள் அது. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரைக்குப் புது வாகனம் கிடைத்ததும், தன்னுடைய பழைய ஜீப்பை நோயாளிகளை ஏற்றிப்போகக் கொடுத்துவிட்டார். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டிக்கொண்டிருந்த இவரையே அதற்கும் டிரைவராகப் போட்டார்கள். இவர் என்னை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்து எஞ்சினை ஓடவிட்டார். சுண்டுவிரலைக் கொக்கி போட்டு இழுத்தேன். அவ்வளவு பெரிய டயர் இரண்டும் கல்லை நெரித்துக்கொண்டு திரும்பின. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"எப்படிங்க இது?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கு ஒரு பம்பு இருக்கு. நாம லேசா காட்டினா போதும், மிச்சத்த எண்ணெய் தள்ளிரும்" என்று பொனட்டைத் திறந்து ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார். குங்குமத்தைக் கரைத்ததுபோல அதற்குள் சிவப்பு எண்ணெய். ஒரு கோப்பை அளவுகூட இருக்காது. இந்தத் துளி எண்ணெயா அந்த இரும்பைப் புரட்டுகிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எதைப் பார்த்தாலும் ஏதாவது சொல்லிவிடுவேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

அந்த ஜீப் அதற்கு முந்தின வருஷமே வந்திருக்கலாம் என்ற ஆதங்கமும் அன்றைக்கு இருந்தது. அப்போதெல்லாம் பிரசவ வலி எடுத்தால் கொழுந்து லொறிதான். சாக்கின் மேல் படுக்கவைத்து, பசறை வழியாக அத்தனை வளைவிலும் உருட்டிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். என் முதல் குழந்தை அப்படிப் போகும் வழியில் லொறியிலேயே பிறந்தது. அது அழவே இல்லை. லொறியை ஓட்டியது இவர்தான். அதற்குப் பிறகு அதைப்பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். தொட்டில் ஆட்டுவது, பால்மா கரைப்பது, துணி அலசுவது எல்லாம் என் பொறுப்பு. ஜீப் வந்தபிறகு தொட்டில்கள் போதவில்லை, அவ்வளவு பிள்ளைகள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு திரும்பும் ஒவ்வொருத்தியும் தன் சேலை ஓரத்தைக் கிழித்து, மஞ்சள் பூசி, "அண்ணே, இத வண்டியில கட்டுங்க" என்று இவரிடம் கொடுப்பாள். சாமிக்குக் கட்டுவதுபோல ஜீப்புக்கும் கட்டவேண்டும் என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம் என்றுதான் நினைத்தேன். இவரும் வாங்கிக்கொள்வார். எங்கே கட்டுகிறார் என்று நான் கேட்டதில்லை. ரோட்டோரத்து முனியாண்டி கோயில் மரத்தில் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மறுபடி மாசமானேன். அந்த ஐப்பசி மழையில்தான் இவருடைய தோள் வீங்கத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்கும். கேட்டால், "மழைக்குப் புடிச்சிருக்கு" என்பார். வெயில் அடித்தால் வலி குறையும், மழை வந்தால் கூடும். வாதம்தான் என்று நானும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். தேய்த்துத் தேய்த்து என் கை ஓய்ந்ததுதான் மிச்சம். ஸ்டியரிங் கல்லாக இறுகிக் கிடக்கிறது என்று அந்தக் கல்லுளிமங்கன் வாயைத் திறந்து சொன்னால்தானே.

ஒருநாள் டிஸ்பென்சரி வாசலில் ஜீப்பைத் திருப்பமுடியாமல் வேலியில் மோதிவிட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. துரை ஜீப்பை பதுளையில் ஒரு கராஜுக்கு அனுப்பினார். எண்ணெயை மாற்றினார்கள், பெல்ட்டை இறுக்கினார்கள், ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே அது விரலுக்குத் திரும்பியது. குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் மழைக்குள் எடுத்தால் பழையபடி கல். இன்னொரு தடவை அனுப்பினார்கள். அந்தத் தடவையும் பதுளையில் சமர்த்துப் பிள்ளைபோல நடந்துகொண்டது.

துரைக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு சனிக்கிழமை பெரட்டுக்களத்தில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற இடத்தில், எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "வண்டியில பிழை இல்ல. ஒன்னோட கையிலதான் பிழை. திங்கக்கெழம காலையில நான் வந்து பார்ப்பேன். அப்பவும் திருப்ப முடியலன்னா நீ பெக்டரிக்குப் போ, ஜீப்ப வித்துருவேன். பொம்பளைங்க முன்ன போன மாதிரி லொறியில போகட்டும்."

எனக்கு அப்போது எட்டாம் மாதம் முடியப்போகிறது. இன்னொரு தடவை அந்தச் சாக்கின் மேல் படுக்கமாட்டேன் என்று வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். "அதுக்கு முன்னாடி இந்த மலையில இருந்து குதிச்சிருவேன். கேக்குதா?" என்றேன். இவர் வீங்கிய தோளைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "என் கைதானோ என்னமோ" என்றார். தன் கை தோற்றுவிட்டது என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பிவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெக்டரி பிட்டரைக் கூட்டிவந்தேன். தேயிலை அரைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர், இவருக்குக் கூட்டாளி. ஊரையே தான்தான் சுழற்றுகிறேன் என்கிறமாதிரி பேசுவார். "பம்பு போச்சு மச்சான், எழுதி வச்சுக்க" என்று வரும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, முதல்ல வண்டியப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். சிவப்பு எண்ணெய் சரியான அளவு. நுரை இல்லை. குழாய்கள் எங்கேயும் கசியவில்லை. பெல்ட் வழுக்கவில்லை, பம்பு முனகவில்லை. அப்படியும் ஸ்டியரிங் அசையமாட்டேன் என்றது. எப்போது இறுகுகிறது என்று கேட்டார். காலையில் இறுகும், பதுளை போய்ச் சேருவதற்குள் இளகிவிடும் என்றார் இவர். பிட்டர் தலையைச் சொறிந்தார். "பம்பு தேஞ்சா சூடேறினதும்தான்டா இறுகும். இது சூடேறினா இளகுதே" என்றவர், தன் தீர்ப்பைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

"மழைக்கும் இறுகுதுங்க. எண்ணெய்க்கு ஏது மழை?" என்றேன் நான்.

முன்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டைகளில் நிறுத்தினார்கள். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் நீளக் கம்பியை பிட்டர் கழற்றினார். பிறகு டயரை ஒரு தட்டுத் தட்டினார். தொட்டில்போல லேசாக ஆடியது. சக்கரத்தில் குற்றமில்லை. "தங்கச்சி, மெதுவா ஏறி ஸ்டியரிங்க திருப்பு" என்றார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். கீழே ஒன்றும் மாட்டியிருக்கவில்லை, சும்மா சுற்றவேண்டிய ஸ்டியரிங். இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன். கொஞ்சம் நகர்ந்து அப்படியே நின்றுவிட்டது. இதையா இந்த மனுஷன் மழை முழுக்க, அத்தனை வளைவிலும், பின்னால் வலியில் கத்துகிற பெண்களோடு ஒற்றை ஆளாகப் புரட்டினார்? எனக்கு மலைப்பாக இருந்தது. முதல்நாள் அந்தச் சிவப்பு எண்ணெயைப் பார்த்து மலைத்தது எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பிட்டர் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "இன்னொருக்கா திருப்பு" என்றார். திருப்பினேன். "ஆப்பிட்டுக்கிச்சு. ஸ்டியரிங் கம்பியில இருக்கே ரப்பர் கவரு, அது ஊதிப்போயி பக்கத்து இரும்புல நெரியுது" என்றார்.

இவர், "அந்த எடத்துல ரப்பர் கவரே கெடையாதே" என்றார்.

சொன்னவுடனே முகம் மாறிவிட்டது. பிட்டரைத் தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தார். நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கிலிருந்து கீழே இறங்கும் கம்பியில், தேங்காய் அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டை. எண்ணெயும் புழுதியும் ஏறி, நிஜமாகவே ரப்பர் மாதிரித்தான் இருந்தது. பதுளைக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"துணி" என்றார் இவர். "அவங்க குடுத்த துணிங்க."

ஸ்டியரிங் வளையத்தில் கட்டினால் துரை அவிழ்த்து எறிவார், கோயிலில் கட்டினால் வண்டியில் கட்டச்சொன்ன சொல் போய்விடும். அதனால் யார் கண்ணிலும் படாமல், யார் காலும் படாமல், பொனட்டுக்குள் அந்தக் கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார். சக்கரம் வாரியடித்த மழைத்தண்ணீரில் அது ஊறி உப்பியிருக்கிறது. பதுளை போவதற்குள் எஞ்சின் சூட்டில் காய்ந்து சுருங்கியிருக்கிறது. நாள் முழுக்கப் பிள்ளைத்துணி அலசுகிறவள் நான். நனைந்த முடிச்சு எப்படி இறுகும் என்று எனக்குத் தெரியாதா?

பிட்டர் கத்தியை எடுத்தார். "கத்தி வைக்காத மச்சான்" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு பெட்டியைப் போட்டு அதில் ஏறி உட்கார்ந்து, கொண்டை ஊசியால் முடிச்சுகளை நெம்பினேன். மேல்பாகம் கரிக்கட்டை. அதை உரித்ததும் உள்ளே நிறம் தெரிந்தது. நீலப் பூப்போட்டது மேல் லயத்து வீட்டுக்காரியுடையது, மண் தின்னும் பயலின் அம்மா. சிவப்புக் கரை, இரட்டைப் பிள்ளைக்காரி. அரக்குநிறம், நான் மடியில் போட்டால் மட்டும் தூங்குகிற சின்னவளின் அம்மா. ஒவ்வொரு துண்டும் நான் தொட்டில் ஆட்டிய பிள்ளை. உள்ளே போகப் போக மஞ்சள்கூட மங்காமல் இருந்தது. உலகத்தில் இப்படி ஒரு வண்டி வேறு எங்காவது இருக்குமா என்று தோன்றியது.

கடைசியாக, கம்பியோடு ஒட்டி ஒரு துண்டு. பச்சை, வெள்ளைப் புள்ளி.

அது என் சேலை. லொறியில் நான் கட்டியிருந்த சேலை. எரித்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நான் அவரைப் பார்த்தேன். "வண்டி வந்த அன்னிக்கு மொதல்ல நான்தான் கட்டினேன்" என்றார். "மத்தவங்க பிள்ளையாவது பத்திரமா போய்ச் சேரட்டும்னு. ஒருநா பொனட்டத் தொறந்தப்ப ஒருத்தி அதப் பார்த்துட்டா, அப்பறம்தான் அவங்களும் குடுக்க ஆரம்பிச்சாங்க." இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பிட்டர் கழற்றிய கம்பியைத் திரும்ப மாட்டப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை நல்ல மழை. துரை வந்தார், தானே ஏறி உட்கார்ந்தார். ஒரு கையால் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னா செஞ்ச?" என்றார். "தொடச்சேன் சார்" என்றார் இவர். அவ்வளவுதான். துணிகளை நான் சவர்க்காரம் போட்டு அலசி, பிள்ளைக் காம்பரா கொடியில் காயப்போட்டேன். பால் கொடுக்க வந்த தாய்மார் ஒவ்வொருத்தியும் தன் துண்டைத் தடவிப் பார்த்தாள். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அடுத்த மாதம் எனக்கு வலி கண்டபோதும் மழைதான். ஜீப்பின் பின்னால் படுத்துக்கொண்டு அவருடைய கையையே பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வளைவிலும் அது லேசாகப் போய் லேசாக வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. திரும்பி வருகிற அன்றைக்கு, ஏறுவதற்கு முன்னால் என் சேலை ஓரத்தைக் கிழித்தேன். மஞ்சளுக்கு எங்கே போவது, அப்படியே எடுத்து, அவருடைய வலது கையில், தோளுக்குக் கீழே கட்டினேன்.

"இங்க கட்டினா எதுலயும் சிக்காது" என்றேன். அவர் வண்டியை எடுத்தார்.

பசறை தாண்டி, முதல் பிள்ளை பிறந்த வளைவு வந்தது. சரியாக அந்த இடத்தில் மகள் விழித்துக்கொண்டு வீறிட்டாள். நான் அவசரமாக அமர்த்தப் பார்த்தேன்.

"விடு புள்ள. அழட்டும்" என்றார் அவர்.

வீடு வரும்வரை அவள் அழுதுகொண்டே வந்தாள். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே வந்தோம்.