நாக்கில் வைத்த சந்தனம்

எங்கள் வீட்டில் கிருத்திகைக்குத் தீபாராதனை காட்டுவது ஆண்கள் வேலை. இடது கையில் மணி, வலது கையில் கற்பூரத் தட்டு. என் அப்பா காட்டினார், அவருக்குப் பிறகு நான். பெருங்களத்தூரில் எங்கள் நிலம் மனையாகி, மனையில் வீடு வந்து, வீட்டுக்கு மேல் வாடகைக்கு ஒரு மாடியும் வந்துவிட்டது. சாமி அறையை மட்டும் பெரிதாக்கவில்லை. ஒரு முருகன் படம், இரண்டு குத்துவிளக்கு, நிற்க ஒரு ஆள் இடம்.

போன சித்திரையில் எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. ஹார்டுவேர் கடையில் ஒருவருக்குப் பைப் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். டேப் கையிலிருந்து விழுந்தது. விழுந்தது எனக்குத் தெரியவில்லை. எதிரில் நின்றவர்தான் "அண்ணா, டேப்பு" என்று காட்டினார். குனிந்தேன், பிறகு நிமிர முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கால் வந்தது, கோணின வாய் நேரானது. வலது கையும் தூக்குகிறது, பிடிக்கிறது. ஆனால் முழங்கைக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர், "சிலருக்கு மெல்ல வரும், சிலருக்கு வராது, பார்ப்போம்" என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை.

கை மட்டும் மரத்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். என் மகள் நாவலூரில் சொந்தமாகப் பிளாட் வாங்கி, சாவியை முதலில் என் கையில்தான் கொடுத்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. சிரித்தேன். கடையில் என்னோடு நெடுநாள் இருந்த ஆள் இறந்து போனார். மாலை வாங்கிப் போட்டேன், வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன். வருத்தம் வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. கஷ்டம் என்று ஒன்று இருந்தால் முருகனிடம் சொல்லியிருப்பேன். அவன் முன்னால் நின்றால் சொல்ல ஒன்றுமில்லை. வாய் பாட்டுக்கு மந்திரம் சொல்லும், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆடிக் கிருத்திகைக்கு வழக்கம்போலத் தட்டை எடுத்தேன். குன்றத்தூர் முருகன் மலைக்கு அந்த வருடம் படியேற முடியாது என்பதால் வீட்டிலேயே நன்றாகச் செய்துவிடுவோம் என்று என் மனைவி சர்க்கரைப் பொங்கலும் வடையும் செய்திருந்தாள். கற்பூரத்தை ஏற்றி, மணி அடித்துச் சுற்றினேன். தட்டு எப்படிச் சாய்ந்ததோ, கற்பூரம் நழுவி என் ஆள்காட்டி விரல் மேல் வந்து நின்று எரிந்தது. எனக்குத் தெரியாது. நான் முருகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருகின வாடை வந்ததும் மனைவிதான் தட்டைத் தட்டிவிட்டாள்.

"அய்யோ, இன்னா இது! கை எரியுது பாரு!"

பார்த்தேன். விரலில் தோல் வெள்ளையாக எழும்பியிருந்தது. யாருடைய விரலோ மாதிரி இருந்தது.

அன்றோடு எங்கள் வீட்டில் தீபாராதனை நின்றது. "கை சரியானதும் என் கையாலேயே காட்றேன், அதுவரைக்கும் வேணாம்" என்று நான்தான் சொன்னேன். அவள் விளக்கு மட்டும் ஏற்றினாள். தினமும் சாயந்திரம் விளக்கு ஏற்றியதும் என் வலது கையைப் பிடித்து, சுடருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காட்டிவிட்டுக் கேட்பாள்.

"சூடு தெரியுதா?"

"இல்ல."

"சரி, நாளைக்குப் பாக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொரு கிருத்திகையும் கற்பூரம் இல்லாமலே போனது.

மாடியில் ஒரு டீச்சரம்மா குடியிருக்கிறார். கத்தோலிக்கர், கணவர் இல்லை, ஒரே மகள் பெங்களூரில். ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயந்திரம் நான் படுத்திருந்தபோது மேலே இருந்து ஒரு சத்தம் இறங்கியது. ஒன்று விழும், வெகுநேரம் நிற்கும், அது அடங்கின பிறகு இன்னொன்று விழும். கோயில் மணி மாதிரி கூர்மையாக இல்லை. பாட்டாகவும் இல்லை. அதற்காகக் காத்திருக்கிறேன் என்பதே எனக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"மேல டீச்சர் இன்னாத்தையோ போட்டு தட்டிக்கினு கீறாங்க," என்றாள் மனைவி. "வேணாம்னு சொல்லிட்டு வரட்டா? உனக்குத் தூக்கம் கெடுது." பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் எனக்கு 'நீ'தான்.

"வேணாம். இன்னான்னு மட்டும் கேட்டுட்டு வா."

போனவள் டீச்சரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். டீச்சர் கையில் பச்சை வண்ணத்தில், கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி கனமான இரும்பு ஒன்று. அதன் முதுகில் வட்டமாக நாக்கு நாக்காக வெட்டியிருந்தது. பெரிய நாக்கு ஒன்று, மற்றவை வரவரச் சின்னதாக, மொத்தம் எட்டு.

"டங் டிரம்னு சொல்லுவாங்க அண்ணா, டங்னா நாக்கு. பொண்ணு வாங்கி அனுப்பினா. உங்களுக்குத் தொந்தரவா இருந்தா ஸாரி."

"காஸ் சிலிண்டர பாதியா அறுத்து வித்துட்டானுங்களா டீச்சர்?" என்றாள் என் மனைவி.

"அதேதான் நானும் கேட்டேன் அக்கா. பொண்ணு திட்டினா."

எதற்கு அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "ஜெபமாலை சொல்லி முடிச்சதும் உடனே எழுந்து குக்கர் வைக்கப் போயிடுவேன் அண்ணா. சொன்னது எதுவும் உள்ள இறங்கவே இல்லேன்னு தோணும். இதுல ஒண்ணு தட்டிட்டு, அது அடங்குற வரைக்கும் சும்மா உக்காந்திருப்பேன். மனசு அமைதியாகுது. வேற ஒண்ணும் பெருசா இல்ல."

பாட்டு தெரிய வேண்டாம், எந்த நாக்கை எதற்குப் பிறகு தட்டினாலும் காதுக்கு உறுத்தாத மாதிரியே செய்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். என் கையைப் பார்த்தார். "நீங்க ஒண்ணு தட்டிப் பாருங்களேன்."

தட்டினேன். டொக் என்றது.

"அவ்ளோ வேகம் வேணாங்க," என்றாள் மனைவி. "அது இன்னா, உங்களுக்குக் கடன் குடுக்கணுமா?"

டீச்சர் காட்டினார். "விரல் அங்கேயே உக்காரக் கூடாது அண்ணா. தோசைக்கல்லு காஞ்சுதான்னு தொட்டுப் பாப்போமில்ல, அந்த மாதிரி தொட்டதும் எடுத்துடணும்."

"எனக்குச் சுடறதுதான் தெரியாதே டீச்சர்."

அவர் முகம் சட்டென்று மாறியது. மன்னிப்புக் கேட்பாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. "அப்ப காதால பாருங்க. விரல் உக்காந்துட்டா சத்தம் செத்துடும். எடுத்துட்டா நிக்கும். நின்னா நீங்க சரியாத் தட்டினீங்கன்னு அர்த்தம்."

மறுபடி தட்டினேன். பலமுறை செத்தது. ஒருமுறை நின்றது. அடிவயிற்றில் ஒரு மெல்லிய அதிர்வு, ஜி.எஸ்.டி. ரோட்டில் கனமான வண்டி போனால் ஜன்னல் கம்பியில் வருமே அது போல. கைக்கு எதுவும் தெரியவில்லை.

அதன்பிறகு சாயந்திரங்களில் டீச்சர் அதைக் கீழே கொண்டுவந்து கொஞ்ச நேரம் என்னிடம் விடுவார். நான் பாட்டுக்குத் தட்டுவதில் எனக்கு மனம் போகவில்லை. சரவணபவ என்று ஆறு எழுத்தை ஆறு நாக்குக்கு வைத்துக்கொண்டேன். பெரிய நாக்கு ச. ச என்று மனசுக்குள் சொல்லித் தட்டி, அது முழுக்க அடங்கின பிறகுதான் ர. மீதி இரண்டு நாக்கைத் தொடுவதில்லை. சாமி பெயர் என்பதால் இடது கையையும் அதில் வைப்பதில்லை. ஒருமுறை சொல்லி முடிக்கவே நேரமாகும். அதுவரைக்கும் வாய் சொல்லுவதைப் பக்கத்தில் நின்று கேட்டவன், இப்போது அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்தேன். பக்தி திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காத்திருந்தேன், அவ்வளவுதான்.

டிசம்பரில் டீச்சர் கிறிஸ்துமஸுக்கு மகளிடம் புறப்பட்டார். போகும்போது டிரம்மை எங்கள் வீட்டிலேயே விட்டார். "தண்ணி மட்டும் பட வேணாம் அக்கா, துரு பிடிச்சிடும்."

"சாமி ரூம்ல வெக்கறேன் டீச்சர். பொட்டு வெச்சா உங்க சாமி கோச்சுக்குமா?"

"எங்க சாமி அதுக்கெல்லாம் கோச்சுக்காது. என் பொண்ணுதான் கோச்சுக்குவா," என்று சிரித்துவிட்டு ஆட்டோ ஏறினார்.

அன்றைக்கே மனைவி பெரிய நாக்கின் நுனியில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். எங்கள் வீட்டில் கிரைண்டர், பீரோ, நிலைப்படி எல்லாவற்றுக்கும் வெள்ளிக்கிழமை பொட்டு உண்டு. மற்றவற்றைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பாள். இதற்குத் தண்ணீர் ஆகாது என்றதால் துடைக்காமல், இருந்த பொட்டின் மேலேயே அடுத்த பொட்டை வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொட்டு என்றால் எனக்குப் பொட்டு, அதற்கு மேல் அதில் பார்க்க என்ன இருக்கிறது?

மார்கழி பாதியில் ச செத்துப் போக ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம் கம்மலாக இருந்தது. பிறகு அடித்ததும் அமுங்கியது. ர நிற்கிறது, வ நிற்கிறது, ச மட்டும் டொக். விரல் உட்கார்ந்துவிட்டால் சத்தம் செத்துவிடும் என்று டீச்சர் சொன்னது எனக்கு வேதவாக்கு. ஆக என் விரல் உட்காருகிறது. கண்ணுக்கு எடுப்பதாகத் தெரிகிறது, ஆனால் எடுக்கவில்லை. முதல் எழுத்திலேயே கை இப்படி என்றால் ஒவ்வொன்றாக எல்லாம் போகும். இரண்டாவது ஸ்ட்ரோக் இப்படித்தான் மெதுவாக வருமோ என்றும் நினைத்தேன். பயம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு கேட்கிற மாதிரி அந்த நினைப்பைக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு சாயந்திரம் மனைவி என் கையைச் சுடருக்கு மேலே பிடித்து, "சூடு தெரியுதா?" என்றாள்.

"இனிமே கேக்காத."

"ஏன்?"

"கை இன்னும் போய்க்கினு கீது. தட்டறது தப்புது. இனிமே இந்த வீட்ல தீபாராதனை கிடையாது. முருகனுக்கு விளக்கு போதும்."

அவள் என் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. மறுநாள் அவள் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை. கேட்காத பிறகுதான், அந்தக் கேள்விக்காக நான் சாயந்திரம் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

பொங்கல் கூட்டம் வடிந்து ரோடு பழையபடி ஆன பிறகு டீச்சர் வந்தார். கேக் டப்பாவோடு கீழே வந்து, "எப்படி இருக்கீங்க அண்ணா, பிராக்டிஸ் எப்படிப் போகுது?" என்றார்.

"போயிடுச்சு டீச்சர். நீங்க எடுத்துக்கினு போயிடுங்க."

மனைவிதான் விவரம் சொன்னாள். டீச்சர் டிரம்மை மடியில் வைத்துப் பெரிய நாக்கைத் தட்டினார். டொக். இன்னொரு முறை தட்டினார். டொக்.

"உங்களுக்குமா?" என்றேன்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நாக்கின் நுனியில் சந்தனம் காய்ந்து, வெடித்து, சின்ன வடகம் அளவுக்குத் திரண்டிருந்தது. அதன் ஒரு ஓரம் இடுக்கில் இறங்கி, நாக்கைப் பக்கத்து இரும்போடு சேர்த்து ஒட்டியிருந்தது.

"அக்கா, இது மேல இவ்ளோ பாரம் வெச்சா எப்படி ஆடும்?"

என் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ! நான்தான் அது வாயை அடைச்சனா?"

"வாயில்ல அக்கா, நாக்கு."

"எதுவோ ஒண்ணு. பாவம், இந்த மனுஷன் பத்து நாளா சோறே சரியா சாப்பிடல. கை போச்சு, கை போச்சுன்னு சும்மா என்னையும் பேஜார் பண்ணிட்டாரு."

டீச்சர் நகத்தால் சந்தனத்தைப் பெயர்த்து, இடுக்கை ஒரு ஊக்கால் சுரண்டி, புடவைத் தலைப்பால் துடைத்தார். பெயர்ந்ததைக் கீழே போடாமல் மனைவியிடம் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துளசித் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். பிறகு டிரம்மை என் மடியில் வைத்தார்கள்.

தட்டினேன். நின்றது. அது முழுதாக அடங்க வெகுநேரம் ஆனது. வெளியே ஒரு பால்காரர் ஹாரன் அடித்ததுகூட அதற்குள் வந்து போனது.

என் கை தேறவில்லை. அது அப்போதே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. போகவும் இல்லை, வரவும் இல்லை. இருந்தபடியே இருக்கிறது, அநேகமாக இப்படியேதான் இருக்கும். ஆனால் அத்தனை நாளும் காது சொன்னது சரி. சத்தம் செத்தது நிஜம். என் மேல் பழியைப் போட்டுக்கொண்டது மட்டும்தான் தப்பு. சந்தோஷம் என்று இதைச் சொல்ல மாட்டேன். அன்று ராத்திரி இரண்டாவது முறை ரசம் வாங்கிக்கொண்டேன், மனைவி பார்த்தாள்.

தைக் கிருத்திகை வந்தது. காலையிலேயே அவளிடம் சொன்னேன். "கற்பூரத் தட்டைத் தேய்ச்சு வை."

"கையி?"

"நான் இல்ல. நீ காட்டு."

அவள் திரும்பி முருகனைப் பார்த்தாள், அவரிடமும் ஒரு வார்த்தை கேட்பது போல. "நானா? உங்க வூட்டுப் பழக்கம் இல்லியே."

"இத்தனை மாசமா கற்பூரம் இல்லாம நிக்கறாரே, அதுவும்தான் பழக்கம் இல்ல. நீ காட்டு. நான் இத அடிக்கிறேன்."

"கல்யாணமாகி இத்தினி வருஷம் கழிச்சு இப்பத்தான் வேலை குடுக்கறாரு," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள். புளி போட்டு ரொம்ப நேரம் தேய்த்தாள்.

சாயந்திரம் டீச்சரையும் கூப்பிட்டோம். அவர் வாசற்படி ஓரமாகக் கைகளைக் கோர்த்துக்கொண்டு நின்றார். டிரம்முக்கு மனைவி பொட்டு வைத்தாள், இந்த முறை விளிம்பில், நாக்குக்கு எட்டாத தூரத்தில். கற்பூரத்தை ஏற்றினாள். பழக்கம் இல்லாததால் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் மணியை எடுக்கவில்லை. அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ச என்று தட்டினேன், அது அடங்கக் காத்திருந்தேன். அவளும் என் சத்தத்துக்கு ஏற்பத் தட்டை நிதானமாகச் சுற்றினாள். மணி அடித்தால் அரை நிமிடத்தில் முடிகிற தீபாராதனை. ஆறு எழுத்தும் முடிவதற்குள் கற்பூரம் பாதி எரிந்துவிட்டது.

தட்டை என் முன்னால் கொண்டுவந்து குனிந்து நீட்டினாள். இரண்டு கையையும் சுடருக்கு மேலே காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இடது உள்ளங்கை கதகதவென்று கன்னத்தில் பட்டது. வலது கையும் அதே சூட்டோடுதான் மறு கன்னத்தில் பட்டது. கைக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரிந்தது.

அவள் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போய்விட்டாள்.