அக்கா உள்ளிருந்தே தைத்த கூரை

என் எழுத்து கோணலாக இருக்கும். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவன். ரகரமும் றகரமும் இடம் மாறியிருக்கும். அச்சுக் கோப்பவர் திருத்தியது போக மிஞ்சிய பிழைகளை உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு வாய் வராது. ஆனாலும் அக்காவின் நினைவுக் குறிப்பை வேறொருவர் எழுதினால் கூரை விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடுவார் என்பதால் நானே எழுதத் துணிந்தேன்.

அக்கா பிறந்தது கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே, எங்கள் தகப்பனாரின் சோளக்காட்டு வீட்டில். நல்லேப்பிள்ளியில் வாழ்க்கைப்பட்டார். மச்சான் பாரவண்டி ஓட்டினார். தம் கையாலேயே மண் சுவர் வைத்து அந்த வீட்டைக் கட்டினார். இரண்டு பெண் குழந்தைகள். சின்னவள் நடை பழகும் முன்பே மச்சான் காய்ச்சலில் தவறிவிட்டார்.

அந்த ஊரில் கூரை வேயக் கூலி கிடையாது. சித்திரையில் வீட்டுக்கு ஓர் ஆண் ஆளாக வந்து, முறை வைத்து ஒருவர் வீட்டை மற்றவர் வேய்ந்து கொடுப்பார்கள். ஆள் அனுப்பாத வீட்டுக்கு முறை இல்லை. பெண் கூரை ஏறினால் வீட்டுக்கு ஆகாது என்றும் சொல்வார்கள். நான் போய் நிற்கிறேன் என்றேன்; வேற்றூர் ஆளைச் சேர்ப்பதில்லை என்றார்கள். அந்த வருடம் அக்கா வீட்டுப் பனையோலை மாறவில்லை.

அதே ஊரின் மறுகோடியில் இருந்த மச்சானின் அண்ணனார் வந்தார். "அம்மிணி, ஆம்பளை இல்லாத ஊடு ஆடி மழைக்கு நிக்காது. ஒழுக ஆரம்பிச்சா வண்டி கொண்டாரேன். புள்ளைகளோட எங்க ஊட்டுக்கே வந்துரு" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அங்கே போனால் அக்காவுக்கு ஆயுசு முழுவதும் அடுப்படியும் மாட்டுத் தொழுவமுமாகப் போய்விடும். பெண்களுக்கும் அதே கதிதான். மச்சான் கட்டிய வீட்டை விட்டு இறங்குவதில்லை என்று அக்கா உறுதி கொண்டார்.

ஆனியில் முதல் மழைக்கே ஒழுகியது. நான் அப்போது அங்கே இருந்தேன். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே அக்கா ஓலை செருகினார். அடுத்த மழைக்குச் சொட்டு இடம் மாறி நெல் குதிரின் மேல் விழுந்தது.

"பாரு தம்பி, திருட்டுத் தண்ணி. ஒரு பக்கம் நொழஞ்சு, மூங்கில் மேலயே நடந்து, இன்னொரு பக்கம் எறங்குது" என்று சிரித்தார்.

மழை விட்டதும் கதவைச் சாத்தி வீட்டை இருட்டாக்கினார். வெளிச்சம் ஊசியாக இறங்கிய ஓட்டையிலெல்லாம் துடைப்பங்குச்சி செருகி அடையாளம் வைத்தார். கவிழ்த்த மர உரலின் மேல் நின்று, பிளந்த மூங்கிலால் பழைய ஓலையை நெம்பி, மேல் ஓலைக்கு அடியிலும் கீழ் ஓலைக்கு மேலுமாகப் புது ஓலையை ஏற்றினார். ஊறவைத்த பனைநாரால் கட்டினார். நார் காயக் காயத் தானே இறுகும். கை எட்டாத இடத்துச் சொட்டுக்குக் கயிறு கட்டி நுனியைப் பானைக்குள் விட்டார். தண்ணீர் சத்தமில்லாமல் கயிற்றோடு இறங்கியது.

சுவர் வெடிப்பை மண் அப்பி மூடப் போனேன். தடுத்துவிட்டார். "காஞ்ச சுவரு ஈர மண்ணை ஒட்ட விடாது. மொதல்ல அது தண்ணி குடிக்கட்டும்" என்று வெடிப்பைச் சுரண்டி அகலமாக்கி, நனைத்து, நறுக்கிய வைக்கோலும் சாணமும் பிசைந்த மண்ணைத் திணித்தார். சாரல் அடிக்கும் மேற்குச் சுவருக்கு ஓலைத் தட்டி கட்டினார். ஈரத்தில் ஊதிய கதவை நான் சீவ எடுத்தபோது, "வெயில்ல அதுவே இளைக்கும். இப்பச் சீவுனா அப்புறம் சந்துல நாய் வரும்" என்றார்.

ஆடியில் ஓயாமல் அடித்த ஒரு மழைக்குப் பிறகு காலையில் அண்ணனார் வண்டியோடு வந்துவிட்டார். சாமான் ஏற்ற ஓர் ஆளும் கூட வந்திருந்தார். உள்ளே வந்து தரையைத் தடவினார், சுவரைத் தடவினார். எல்லாம் உலர்ந்திருந்தன.

"கூரை ஏறுனயா அம்மிணி?"

"ஏறலீங்க மாமா. அடியில நின்னே தச்சுட்டனுங்க."

அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க ஊட்டு நெல்லறை ஒழுகுது. வந்து பாக்கறயா?" என்று கேட்டார்.

"வாரனுங்க. நான் வேலை செய்யற நாளை ஒரு ஆம்பளையாளு முறையாக் கணக்கு வெச்சு, சித்திரைக்கு எங்க ஊட்டையும் மேஞ்சு குடுக்கோணுங்க."

நெல்லறை ஒழுக்கு நின்றது. அண்ணனாரே ஊராரிடம் அக்காவுக்காகப் பேசினார். கூட்டத்தில் ஒருவர், "பொம்பளைக்கு முறையா? நாளைக்கு ஏரும் ஓட்டுவாளாட்ட இருக்குது" என்றார்.

"சொன்னா ஓட்டறனுங்க. மொதல்ல உங்க ஊட்டு ஒழுக்கை நிறுத்தட்டுங்களா?" என்றார் அக்கா. கேட்டவரே சிரித்துவிட்டார்.

அது முதல் மழைக்காலத்தில் ஊரெங்கும் உள்ளிருந்து ஒழுக்கடைப்பதும், நார் உரிப்பதும், மண் பிசைவதும் அக்காவின் முறையாயின. சித்திரை தவறாமல் அவர் வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். இரண்டு பெண்களும் அந்த வீட்டிலிருந்தே மணமாகிப் போனார்கள். சென்ற ஆனியில் மார்ச்சளி கண்டு, அந்தக் கூரையின் கீழேயே அக்கா கண்ணை மூடினார்.

அதன் பின் வந்த சித்திரையில் வீடு பூட்டிக் கிடந்தது. முறைக்கு அனுப்ப ஆள் இல்லை என்று ஊராரிடம் சொல்லிவிட்டு வரலாம் எனப் போனேன். அதற்குள் ஆட்கள் கூரை மேல் இருந்தார்கள். அண்ணனாரின் மகன் மேலிருந்து, "ஏனுங்க மாமா, சும்மா நிக்கறீங்க? ஓலை எடுத்துக் குடுங்க" என்றார்.

"இந்த ஊட்டுல ஆளு இல்லீங்களே மாப்பிள்ளை."

"அதுக்கென்னங்க? இன்னைக்கு எங்க சின்னாத்தா ஊட்டு முறை."

நான் ஓலை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று கூரை மேல் இருந்த ஒவ்வொருவருக்கும், கடைசி நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், மழையில் நனைந்து வந்து பார்த்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த மருமக்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

ஸ்ரீமுக வருடம், ஆனி மாதம் ஒன்பதாம் நாள்.