மடங்காத கத்தி

வேங்கிக்கால் கடையில் மடக்குக் கத்தியை விரித்தேன். ‘டக்’கென்று நின்றது. மகன் மலையேறப் போகிறான். கத்தி அவனுக்கு, பயம் எனக்கு. அந்தச் சத்தத்தை நான் நம்பவில்லை. அம்மாவும் நம்பியிருக்க மாட்டாள்.

எழுபதுகளில் ஒரு தீபத் திருவிழா. தேரடித் தெருவில் தரைக்கடை போட்டிருந்தவரிடம் அப்பாவுக்குக் கத்தி வாங்கப் போனோம். அப்பா ஆடு மேய்ப்பவர். தழை வெட்டும்போது பழைய கத்தி சட்டென்று மடங்கி, அவர் சுண்டுவிரல் நுனியை எடுத்துவிட்டிருந்தது. இன்னொரு விரல் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

அம்மா ஒவ்வொரு கத்தியாக விரித்து, அதன் முதுகைப் பலகையில் வைத்து அழுத்தினாள். எல்லாம் மடங்கின.

“இன்னாம்மா, கத்தி வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?” என்றார் கடைக்காரர்.

“மாப்ள சரியில்லன்னா பொண்ணு திரும்பி வந்துடுவா. விரல் வருமாய்யா?”

கடைக்காரர் காலடியில் கிடந்த ஒன்றையும் எடுத்து அழுத்தினாள்; அது மட்டும் மடங்காமல் நின்றது. அவர் அதை அம்மாவிடமிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சாக்கிலிருந்து வேறொன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார்.

“நான் அழுத்துனதைக் குடு.”

“ஐயோ, அது நான் வெங்காயம் நறுக்குறதும்மா! இது புதுசு.”

அம்மாவுக்குச் சந்தேகம் ஜாஸ்தியானது. “எத்தினி வருசமா நறுக்குற? கையைக் காட்டு.”

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் விரித்தார். பத்து விரலும் இருந்தன. வெங்காய வாசனையோடு அந்தக் கத்தியைத்தான் வாங்கிவந்தோம்.

வேங்கிக்கால் கடைத் தம்பி, சீல் பிரிக்காத டப்பாவை நீட்டினான்.

“இது இருக்கட்டும் தம்பி,” என்றேன். “நீ அட்டைப்பெட்டி அறுக்குற கத்தி எது?”