மடக்கிய மோதிர விரல்

எங்கள் குடும்பத்தில் மனதில் இருப்பதை நேராகச் சொல்லும் வழக்கம் கிடையாது. யாருக்கும் வாய் இல்லை என்று அர்த்தமல்ல, வாய் எட்டூருக்குக் கேட்கும். ஆனால் சொல்ல வேண்டியதைத் தவிர மற்றதையெல்லாம் சொல்வோம். இப்படிப்பட்ட குடும்பத்துக்குள் பழைய கிரேக்க நாடகமும் சம்ஸ்கிருத நாடகமும் புகுந்து ஒரு கோடை விடுமுறையில் அடித்த கூத்தைத்தான் சொல்லப்போகிறேன். அதற்குக் காரணம் என் சித்தி.

அப்போது நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். பள்ளிக்கூடம் லீவு விட்டதுதான் தாமதம், அம்மா என்னைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றி அண்ணாமலை நகரில் மாமா வீட்டில் விட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பிவிடுவாள். மாமா அம்மாவுக்கு அண்ணன். யுனிவர்சிட்டி ஆபீசில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அங்கே மாமா, அத்தை, அப்புறம் அம்மாவின் தங்கையான சித்தி. தாத்தா இறந்த பிறகு சித்தியை வளர்த்துப் படிக்கவைத்ததெல்லாம் மாமாதான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

சித்தி எம்.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சியில் சேர இருந்தாள். இடம் கிடைத்துவிட்டது. கிரேக்க நாடகங்களையும் சம்ஸ்கிருத நாடகங்களையும் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்து ஒப்பிட்டு எழுதுவது அவள் திட்டம்.

"செத்துப்போன ராஜாங்க கதையெல்லாம் படிச்சு இன்னாடி பண்ணப் போற?" என்று அம்மா கேட்பாள்.

"நீ தெனம் பாக்குற சீரியல்ல மட்டும் எல்லாரும் உயிரோட இருக்காங்களாக்கும்" என்பாள் சித்தி.

நாடகத்தைக் கண்ணால் மட்டும் படிப்பது பாவம் என்பது சித்தியின் கட்சி. வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். வீட்டில் வெட்டியாக இருந்த ஆள் நான். மத்தியான வேளைகளில் மின்விசிறிக்கு அடியில் பாயைப் போட்டுக்கொண்டு உட்காருவோம். ஒரே நாடகத்துக்கு அவளிடம் இரண்டு மொழிபெயர்ப்புகள் இருந்தன. பழையதில் ராஜா, "ஐயகோ! கெட்டேன்!" என்பார். புதியதில் அதே ராஜா, "ஐயோ, போச்சே, எல்லாம் போச்சே" என்பார். சித்திக்குப் புதியதுதான் பிடிக்கும். துக்கம் வந்தவன் எவனாவது 'ஐயகோ' என்பானா என்று கேட்பாள். எனக்கு ஐயகோதான் வேண்டும். பால் பொங்கினால் ஐயகோ, பல்லிடுக்கில் முறுக்கு மாட்டினால் ஐயகோ. சட்டையில் பட்டன் அறுந்த அன்று மாமாவே ஐயகோ என்றார். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

கிரேக்க நாடகத்தில் எனக்குக் கிடைத்த வேலை ஊர்ப் பெரியவர்கள் கூட்டம். அவர்கள் மேடையின் ஓரத்தில் கும்பலாக நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்ப்பார்கள், அதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள், ஒரு துரும்பையும் அசைக்க மாட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

"இவுங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே சித்தி! போய்த் தடுத்தா இன்னா?"

"தடுத்துட்டா நாடகம் முடிஞ்சிடும் பாப்பா. சொந்தக்காரங்கன்னா அப்டித்தான், சுத்தி நின்னு பேசுவாங்க."

கிரேக்கப் பெண்கள் பயங்கரமானவர்கள். ராஜா முகத்துக்கு நேரே நின்று முடியாது என்பார்கள். சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் ஓடிவந்து, உள்ளே போனவள் செத்த கதையை விலாவாரியாகச் சொல்லுவான். சம்ஸ்கிருத நாடகத்தில் இந்த வம்பெல்லாம் இல்லை. நடுவில் எத்தனை அழுதாலும் கடைசியில் எல்லோரும் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். அதற்குக் காரணம் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'மறைவாக' என்ற சொல்தான் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மேடையில் நாலு பேர் நிற்கும்போது ஒருத்தி தன் தோழிக்கு மட்டும் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மோதிர விரலை மட்டும் மடக்கி, மற்ற விரல்களை நிமிர்த்தி, கையைக் கன்னத்தோரம் பிடித்துக்கொள்வாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பக்கத்தில் நிற்கும் ராஜாவுக்குக் கேட்காது. பார்க்க வந்த ஜனங்களுக்கெல்லாம் கேட்கும், அவருக்குக் கேட்காது! கையை இறக்கினால் 'வெளிப்படையாக'. அப்போது வேறொன்றைச் சொல்லுவாள்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நாடகத்துக்குள் விட்டுவைப்பதா? வீட்டுக்குள் கொண்டுவந்தோம். யார் விரலை மடக்கிக் கையைத் தூக்கினாலும் அவர்கள் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது. கேட்காததற்கு அடையாளமாக எல்லோரும் மின்விசிறியைப் பார்க்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு சங்கடம், மோதிர விரலை மடக்கினால் சுண்டு விரலும் கூடவே படுத்துவிடும். சுண்டு விரல் மடங்கினால் செல்லாது, எல்லோருக்கும் கேட்டுவிடும் என்று சித்தி சட்டம் போட்டிருந்தாள். நான் இடது கையால் சுண்டு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கும் புடலங்காயா?" என்பேன். மாமா மின்விசிறியைப் பார்ப்பார். அத்தைக்கு இந்த விளையாட்டு முதலில் பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் சாதம் பரிமாறிக்கொண்டே கையைத் தூக்கி, "இந்த மனுஷன் கொறட்டயில ராத்திரி பூரா தூக்கம் இல்ல" என்றாள். அப்புறம் அவள் கையை இறக்குவதே அபூர்வமாகிவிட்டது.

இதற்கிடையில்தான் பண்ருட்டியிலிருந்து ஜாதகம் வந்தது. முந்திரி வியாபாரம் செய்யும் குடும்பம், ஒரே பையன், நல்ல பெயர். ஜாதகம் பொருந்திவிட்டது. "எங்க வூட்டுக்கு வந்தப்புறம் படிப்பெல்லாம் எதுக்கு, கடையப் பாத்துக்கட்டும்" என்று பையனின் அம்மா சொன்னதாகத் தரகர் சொன்னார். சித்தி அன்று சாப்பிடவில்லை. மாமா அவளைக் கூப்பிட்டு, "ஒனக்குப் புடிச்சாத்தாம்மா. புடிக்கலன்னா வேணாம்" என்றுதான் சொன்னார். சொல்லும்போதே அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சித்தி ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டாள்.

"வேணாம்னு சொல்லிடேன் சித்தி" என்றேன்.

"அவுரு திட்டுனா சண்ட போடலாம். திட்டவே மாட்டேங்கறாரே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் அந்த கிரேக்கத்துல பொறந்திருக்கணும்."

அங்கே பிறந்தால் செத்துப்போக வேண்டுமே என்று எனக்குப் பகீரென்றது.

பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பண்ருட்டிக்காரர்கள் வெறுங்கையோடு வருவார்களா? காரின் பின்னாலிருந்து ஒரு பலாப்பழத்தை இறக்கினார்கள், இரண்டு ஆள் தூக்க வேண்டியிருந்தது. வீடு முழுக்க அதன் வாசனைதான். கடலூரிலிருந்து அம்மா ஒரு வாரம் முன்பே வந்து, கல்யாணம் முடிவாகும்வரை இருப்பதாகத் தங்கி, எங்கள் மின்விசிறிச் சட்டத்துக்கும் பழகியிருந்தாள். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்.

மாப்பிள்ளை ஒல்லியாக இருந்தார். பேச்சே இல்லை. பெரியவர்கள் மழையைப் பற்றியும் முந்திரி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, அவர் மேஜையில் கிடந்த சித்தியின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நான் போய்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

"இதென்ன, அங்கங்க 'மறைவாக'ன்னு போட்டிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

கேட்டால் விடுவேனா? மோதிர விரல், கன்னம், ராஜா, தோழி, மின்விசிறி, சுண்டு விரல் செல்லாது, எங்கள் வீட்டுச் சட்டம், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். அதனால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சித்தி காபித் தட்டுடன் வந்தாள். ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டுக் கடைசியில் எங்கள் பக்கம் வந்து குனிந்தாள். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து எதிரிலிருந்து பையனின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, எங்க பையன ஒனக்குப் புடிச்சிருக்கா? வாயத் தொறந்து சொல்லு."

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். மாமா வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். சித்தி காலித் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். அவளுடைய வலது கை, காதோரத்துப் பூவைச் சரிசெய்வது போல மெல்ல மேலே போனது. மோதிர விரல் மட்டும் மடங்கியிருந்தது.

"பாப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். நான் படிக்கணும்" என்றாள்.

சின்னக் குரல்தான். எதிர்ப்பக்கம் போயிருக்காது. கையை இறக்கினாள். பிறகு வெளிப்படையாக, "அண்ணன் சொன்னாச் சரிதாங்க" என்றாள்.

"தங்கமான பொண்ணு!" என்றார் பையனின் அம்மா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சட்டப்படி மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய சபையில் சித்தி இவ்வளவு கச்சிதமாகச் செய்துகாட்டியதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் பார்த்தால் அவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்! காபி ஆறிக்கொண்டிருந்தது. "தம்பி, பஜ்ஜி வைக்கட்டுமா?" என்று அத்தை கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அவர் அசையவில்லை. கடைசியில் கையைக் கன்னத்தோரம் தூக்கி, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "எனக்கு ஒண்ணும் கேக்கல பாப்பா" என்றார். பாவம், பழக்கம் இல்லாததால் சுண்டு விரலும் சேர்ந்து மடங்கியிருந்தது. நான் திருத்தவில்லை, விருந்தாளி அல்லவா.

ஊருக்குப் போய்ப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். முடிந்த மாதிரிதான் என்ற சந்தோஷத்தில் மாமா தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

பலாப்பழத்தை அறுத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்த பிறகும் கொட்டைகள் முறம் நிறைய மிஞ்சின. அத்தை அவற்றைக் காயவைத்துக் கத்தரிக்காயுடன் போட்டுக் குழம்பு வைத்த அன்று, சாப்பிட உட்காரும் நேரத்தில் தரகர் போன் செய்தார். மாமா, "ஆங்... ஆங்..." என்று கேட்டுக்கொண்டே சுவரோரம் போய் நின்றார். போனை வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"பொண்ணு மேல கொற இல்லியாம். பையன்தான் வேணாங்கறானாம். பொண்ணு என்னவிட ஜாஸ்தி படிச்சிருக்கு, எனக்கு ஒத்துவராதுன்னு ஒரே புடியா நிக்கறானாம். அவுங்க அம்மாவே அழுவுறாங்களாம்."

"ஐயகோ!" என்றேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"ஜாஸ்தி படிச்சிருக்கறது வர்றதுக்கு முன்னாடி தெரியாதா அவனுக்கு? ஒக்காந்து பஜ்ஜிய மொக்கறதுக்கு வந்தானா?" என்று அம்மா பொரிந்தாள்.

"எங்க மொக்கினான், நான் வச்சது வச்ச மாதிரியே இருந்திச்சு" என்றாள் அத்தை.

 மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தங்கையை ஒருவன் வேண்டாம் என்றுவிட்டானே என்று அந்த மனுஷன் நொந்துபோய் உட்கார்ந்துவிட்டார். சித்தி சமையலறையிலேயே நின்றாள். எனக்கும் கோபம் தாங்கவில்லை. நம் சட்டத்தையெல்லாம் சிரிக்காமல் கேட்ட ஆள் இப்படிச் செய்யலாமா?

"நீதான அந்தப் பையன் பக்கத்துலயே ஒட்டிக்கினு இருந்த? இன்னா சொன்னான் ஒன்கிட்ட?" என்று அம்மா என் பக்கம் திரும்பினாள்.

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. சித்தி சொன்னது மறைவாகச் சொன்னது, அது எனக்குக் கேட்டதாகவே கணக்கு இல்லை. அவர் சொன்னதோ சுண்டு விரல் மடங்கியபடி சொன்னது. அது செல்லாது. ஆகவே அதை மட்டும் சொல்லலாம் என்று தீர்ப்புக்கு வந்தேன்.

"அவுருக்கு ஒண்ணும் கேக்கலியாம். அவுரே சொன்னாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாது? காது கேக்காதா?" என்றாள் அம்மா.

"அட, அதான பாத்தேன்!" அத்தை கையைத் தட்டினாள். "ரெண்டு தடவ கேட்டேங்க பஜ்ஜி வேணுமான்னு. கம்முனு மோட்டுவளையப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தான்!"

"மறச்சுக் கட்டிவைக்கப் பாத்திருக்காங்க. பையன் நல்லவன், அவனே வெலகிக்கினான். நல்ல வேள, தப்பிச்சோம்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் மூவருமாகச் சேர்ந்து அவருடைய காது எப்போது, எந்தக் காய்ச்சலில் போயிருக்கும் என்பது வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். மாமா தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

சித்தி குழம்புக் கிண்ணத்துடன் வெளியே வந்தாள். மாமாவுக்கு ஒரு கரண்டி ஊற்றினாள். கரண்டியைக் கிண்ணத்தில் விட்டுவிட்டுக் கையைக் கன்னத்தோரம் தூக்கினாள். மோதிர விரல் மட்டும் மடங்கியிருந்தது.

"அவுருக்கு நல்லாவே கேக்கும்" என்றாள்.

அம்மாவும் அத்தையும் பழக்கதோஷத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள். மாமா பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நிற்க, அவர் சித்தியைத்தான் பார்த்தார், வெகுநேரம். பிறகு குனிந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு, "அந்த ஆராய்ச்சிக்கு என்னிக்குப் போய்ச் சேரணும்னு சொன்ன?" என்று கேட்டார்.

காதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது மாமா ஏன் காலேஜைப் பற்றிக் கேட்கிறார், அதற்கு ஏன் சித்தி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இப்படி அழுகிறாள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவில்லை என்று அவர் தன் வாயாலேயே என்னிடம் சொல்லியிருக்கிறார். பாவம், சித்திக்கு விவரம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, எனக்கு இன்னும் இரண்டு பலாக்கொட்டை வேண்டும் என்று தட்டை நீட்டினேன்.