எடை பார்த்த அன்று போட்ட தண்டை

1. இன்று நல்லம்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எடை பார்த்தேன்.
2. ஒரு சிறுமி ஏறியதும் அவள் கால் தண்டை எடைமேடையில் 'ணங்' என்று இடித்தது.
3. கழற்றச் சொன்னேன். கூட வந்த அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சத்தம் என்னை ஏழு வயதுக்குக் கொண்டுபோனது. எடை குறைந்த பிள்ளைகளுக்குச் சர்க்கார் பால்மாவைக் கரைத்துத் தினமும் ஒரு டம்ளர் கொடுத்த காலம் அது. வெதுவெதுப்பாக, அடியில் கரையாத கட்டியோடு இருக்கும் அந்தப் பால்மேல் எனக்கு உயிர். எடை பார்க்கும் அன்று அம்மா தன் கனத்த வெள்ளித் தண்டைகளை எனக்கு மாட்டிவிட்டாள். "ஆபீசருங்க வர்றாங்க, வெறுங்காலோட நிக்காதடி."

நர்ஸம்மா எடை முள்ளைப் பார்த்தார். "இவ தேறிட்டா. பால் வேணாம்."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மேரி சிரித்தாள். "இனிமே வெள்ளியக் கடிச்சுத் தின்னுடி!"

அங்கேயே உட்கார்ந்து தண்டைகளைக் கழற்றினேன். "இன்னொருக்கா பாருங்கம்மா."

முள் இறங்கியது. "அட, சத்தெல்லாம் தண்டையிலதான் இருந்துச்சா!" என்று நர்ஸம்மா பால் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "நாலு பேரு முன்னால வூட்டு மானத்தையே கழட்டிட்டியேடி!"

இன்று வந்த சிறுமிக்கும் எடை குறைவுதான். நாளை முதல் அவளுக்குப் பால் உண்டு. அவள் அம்மா கழற்றிய தண்டையை மகள் காலில் மறுபடி மாட்டிவிட்டுத்தான் போனாள்.