தலைமாட்டுக் கட்டு

கேற்றுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் இணுவில்காரர். பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டே வந்தவர் மேல் கம்பியில் ஓரிடத்தில் கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். கேற்று முழுவதும் வெயிலில் வெளுத்துக் கிடக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை நிறம் நேற்று அடித்ததுபோல இருந்தது. "அக்கா, உதிலை என்ன இருந்தது?" என்று கேட்டார். "ஒரு துணி கட்டியிருந்தது தம்பி" என்றேன். "நேர்த்தியோ?" என்றார். கோயில் ஊர்க்காரர், கம்பியில் துணி கட்டினால் அவருக்கு நேர்த்திக்கடன்தானே ஞாபகம் வரும். இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்ற உள்ளே போனேன். அது என் மாமியின் கபனில் கிழித்த துண்டு என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் பிரஷைக் கையில் எடுத்திருக்க மாட்டார்.

மாமி என்பது என் கணவரின் உம்மா. கபன் என்பது மய்யித்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டியபின் உடுத்தும் தையலில்லாத வெள்ளைத் துணி. பெரும்பாலான வீடுகளில் மௌத்து நடந்த பிறகுதான் கடைக்கு ஆள் ஓடும். மாமியோ தன்னுடையதை வாலிப வயதிலேயே எடுத்து வைத்துவிட்டார். ஹஜ்ஜுக்குப் போன அவருடைய அண்ணன், எங்கள் வழக்கில் நானா, மக்காவில் வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன்னால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போடுவார். நான் கல்யாணமாகிப் புத்தளத்தில் அவர் வீட்டுக்கு வந்த புதிதில், கொடியில் அகலமான வெள்ளைத் துணி ஒன்று அத்தர் வாசத்தோடு காய்வதைக் கண்டேன். புதுப்பெண்ணுக்கு எடுத்த விரிப்பாக்கும் என்று நினைத்து, மடித்துக்கொண்டுபோய் எங்கள் கட்டிலில் இழுத்து விரித்தும் விட்டேன். என் கணவர் அறைக்குள் வந்து பார்த்துவிட்டு "உம்மா!" என்று போட்ட சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது. மாமி ஓடி வந்து பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது நான் படுக்கிறது மகள். உனக்கு நான் பூப்போட்டதாப் பாத்து வாங்கித் தாறன்." எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதற்கு முன்னால், தொண்ணூறாம் ஆண்டில், யாழ்ப்பாணத்தைவிட்டு முஸ்லிம் சனம் முழுவதையும் இயக்கம் போகச் சொன்ன அந்த நாளில் மாமி கொண்டு வந்த ஒரே பையில் இந்தத் துணியும் இருந்தது. வழியில் பையைக் கிளறிய இளைஞன் ஒருவன் காப்பையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு, துணியை உதறிப் பார்த்து இது என்ன என்று கேட்டானாம். "நான் மவுத்தானா உடுக்கிறது தம்பி" என்று மாமி சொல்ல, அவன் மடிக்கத் தெரியாமல் மடித்து அதை மட்டும் திருப்பிக் கொடுத்தானாம். இந்தக் கதையை மாமி கோபமில்லாமல்தான் சொல்லுவார். கேட்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். போர் முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்றானபோது, வேண்டாம் என்று சொன்ன எங்களை இழுத்துக்கொண்டு முதல் ஆளாய் வந்தவரும் அவர்தான். கூரையில்லாத வீட்டைத் திருத்த வேண்டும் என்பதெல்லாம் இரண்டாவது. இங்கே மையவாடியில் மாமாவை அடக்கிய கபுறு இருந்தது. அதற்குப் பக்கத்தில் தான் அடங்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாமியின் மௌத்துப் பேச்சு எங்களுக்கு அலுத்துப்போயிருந்தது. கல்யாண வீட்டில் வட்டிலப்பத்தை நீட்டினால், "இனிப்பா இருக்கு. கபுறிலை இது கிடையாது, நல்லாத் தின்னுங்கோ" என்பார். பெண் வீட்டார் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தால், "இதின்ரை ஆயுசு என்ரை ஆயுசை விடக் கூட" என்பார். பிரஷர் குளிசையை வேளைக்கு எடுக்க மாட்டார். கேட்டால், "அல்லா கூப்பிட்டா இந்தா வாறன் எண்டு போறதுதானே, உதெல்லாம் ஏன்?" என்பார். அவருடைய மௌத்து நினைவில் அழுகையோ பயமோ இருந்ததில்லை. பஸ்ஸுக்கு நேரத்தோடு வந்து நிற்கிறவரைப்போல, பையைக் கட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். எல்லாம் ஆயத்தம் என்றே அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

பிறகு அந்த நோய் வந்தது. நோயோடு ஒரு சட்டமும் வந்தது. அந்த நோயில் இறந்தால், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், உடலை எரிக்க வேண்டும். செய்தி வாசித்தபோது மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. துணி இருக்கிறது, இடம் இருக்கிறது, குளிப்பாட்ட ஆள் இருக்கிறது, தொழுவிக்க மகன் இருக்கிறான். ஒரு மனுஷி தன் வாழ்நாள் முழுவதும் பார்த்துப் பார்த்துச் செய்த ஆயத்தத்தில் இப்படி ஒன்று வருமென்று யார்தான் நினைத்திருப்பார்கள்?

அடுத்த நாளிலிருந்து மாமி வேறு ஆளாகிவிட்டார். குளிசையை நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தார். ஆவி பிடித்தார். மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தார். மீன்காரர் குருநகரிலிருந்து சைக்கிளில் வந்து கேற்றடியில் மணி அடித்தால், "அங்கையே நில்லும்! கிட்ட வராதையும்!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். "என்ன மாமி, இப்ப மவுத்துக்குப் பயம் வந்திட்டுதோ?" என்று ஒருநாள் பகிடியாகக் கேட்டேன். அவர் பகிடியாக எடுக்கவில்லை. "ஓம் மகள். இப்ப மவுத்தாகக் கூடாது" என்றார். ஒழுங்காகச் சாவதற்காக ஒரு மனுஷி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தலைநகரில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தையைத் தாய்தகப்பன் மறுக்க மறுக்க எரித்தார்கள் என்ற செய்தி வந்த கிழமை அது. அதை எதிர்த்து நாடு முழுவதும் சனம் வெள்ளைத் துணித் துண்டுகளை வேலிகளிலும் கேற்றுகளிலும் கட்டியது. இனம் சமயம் பார்க்காமல்தான் கட்டினார்கள். எங்கள் வீட்டில் கட்ட நான் பழைய தலையணை உறை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். மாமி தன் பெட்டியைத் திறந்து கபனை எடுத்தார். கபனைச் சுற்றியபின் தலைமாட்டிலும் இடுப்பிலும் கால்மாட்டிலும் கட்டுவதற்கு அதே துணியின் கரையில் நாடாக்கள் கிழிப்பது வழக்கம். கபுறுக்குள் வைத்ததும் அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிடுவார்கள். மாமி பல்லால் கடித்துக் கரையில் ஒரு நாடாவைச் சர்ரென்று கிழித்தார். "மாமி, அது தலைமாட்டுக் கட்டெல்லோ! பிறகு என்னத்தாலை கட்டுறது?"

"இதாலைதான். நான் மவுத்தாகிற அண்டைக்குப் போய் அவிழ்த்துக்கொண்டு வா" என்றார். கேற்றடிக்குப் போய்த் தன் கையாலேயே கட்டினார். மதிலுக்கு அந்தப் பக்கம் பூப்பறித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார். சைவக்காரர், கணவரை இழந்தவர். "எங்களுக்கு நெருப்பு, உங்களுக்கு மண். செத்த பிறகும் உதிலை கை வைப்பினமோ?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், கணவரின் வேட்டிக் கரையைக் கிழித்து வந்து தன் கேற்றிலும் ஒன்று கட்டினார்.

கொஞ்ச நாளில் மாமிக்குக் காய்ச்சல் வந்தது. இருமலும் கூடவே வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று நானும் என் கணவரும் குசினிக்குள் நின்று வாதாடினோம். கொண்டுபோகாமல் விட்டுச் செத்தால் அது ஒரு பாவம், கொண்டுபோய் அங்கே செத்தால் நெருப்பு. மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்தார். "மவுத்துக்கு நான் எப்ப மகள் பயந்தனான்? உந்தச் சட்டம் மாறுமட்டும் என்னை வைச்சிரு எண்டுதான் அல்லாட்டைக் கேக்கிறன். உங்கடை மாமா அங்கை தனியக் கிடக்கிறார்" என்றார். அழுதார். இருபது வருட அகதி வாழ்க்கையில் அழாத மனுஷி. நானும் அழுதேன், மறைக்கவில்லை. கடைசியில் என் கணவர்தான் துணிந்து பரிசோதனைக்குக் கொண்டுபோனார். பதில் வருகிற வரைக்கும் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. சாதாரணத் தடிமன் காய்ச்சல் என்று வந்தது. மாமி நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தவர் எழும்ப நேரமெடுத்தது. எழும்பி முதல் கேட்டது, "மத்தியானம் என்ன கறி?"

பிறகு அடக்கலாம் என்றார்கள், ஆனால் கிழக்கில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்றார்கள். "அவ்வளவு தூரம் நான் போகேலாது" என்று மாமி கொத்தமல்லியைத் தொடர்ந்து குடித்தார். அந்தக் கட்டுப்பாடும் போய், அவரவர் ஊரிலேயே அடக்கலாம் என்று அறிவித்த அன்றைக்குக் குளிசைப் பெட்டியை என்னிடம் நீட்டி, "இனி உதை நீயே வைச்சிரு" என்றார். நான் விடவில்லை, ஏசி ஏசிப் போட வைத்தேன். சில மாதங்கள் கழித்து ஒரு காலை, ஸுபஹு தொழுதுவிட்டுத் தேத்தண்ணீர் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவர்தான்.

மய்யித்தைக் குளிப்பாட்டப் பெண்கள் வந்துவிட்டார்கள். நான் கேற்றடிக்கு ஓடினேன். வெயிலும் மழையும் பட்டு அந்த முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. நகத்தால் இழுத்தேன், பல்லால் கடித்தேன், ஊசியை விட்டு நெம்பினேன். அது அசையவில்லை. "வெட்டிப்போட்டு வா பிள்ளை, துணியிலை கரை கிடக்கு, வேறை கிழிப்பம்" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார்கள். அவிழ்த்துக்கொண்டு வா என்றுதானே சொன்னார், வெட்டச் சொல்லவில்லையே. ரீச்சர் வந்து பக்கத்தில் நின்று, செம்பில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி ஊற்றி முடிச்சை ஊறவைத்தார். அவர் ஊற்ற நான் இழுக்க, ஒருவாறு அவிழ்ந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். துருக்கறை போகவேயில்லை. எப்படியும் கபுறுக்குள் கழற்றுகிற கட்டுத்தானே என்று பெண்கள் சம்மதித்தார்கள். தலைமாட்டு முடிச்சை நான்தான் போட்டேன். ஆண்கள் மய்யித்து வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு கலிமாவோடு போனார்கள். எங்களில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. நான் கேற்றோடு நின்றுகொண்டேன்.

பெயின்ட்காரர் வேலையை முடித்து, காயுமட்டும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பச்சை எல்லா இடமும் ஒன்றாகிவிட்டது. அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்ததும் உண்மை. மாமி இருந்தால் சிரிப்பார் என்பதால் விட்டுவிட்டேன். பின்னேரம் என் கணவர் கடையிலிருந்து வந்து கேற்றைத் தொடாமல் ஒதுங்கி உள்ளே வந்தார். கபுறுக்குள் இறங்கியவர் அவர். அன்றைக்கு அழுகையில் முடிச்சை மிகவும் இறுக்கிவிட்டேனோ என்று இவ்வளவு நாளும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை. இன்றைக்குக் கேட்டேன்.

"மாமியின்ரை தலைமாட்டுக் கட்டு... சுகமா அவிழ்ந்ததோ?"

அவர் திரும்பிப் புதுப் பெயின்டைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "கை வைக்க முந்தியே அவிழ்ந்து கிடந்தது."