கண்ணாடி அலமாரியின் சாவி

எண்பதுகளில் தருமபுரியில், வெள்ளைக்காரன் காலத்து நூலகம் ஒன்றில் ஒன்பது வருடம் உதவியாளராக இருந்தேன். மாதம் ஒரு ஞாயிறு இலக்கியக் கூட்டம் நடக்கும். பேச்சாளர் வந்து சேர்வதற்குள், வந்தவர்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. அத்தனை வருடமும் ஒரே பேச்சு, எனக்கே அலுத்துவிட்டது. கடைசியில் கண்ணாடி அலமாரி முன்னால் நின்று, "எல்லாம் அரிய புத்தகங்கள், தொடக் கூடாது" என்று முடிப்பேன்.

ஒரு ஞாயிறு, ஏரியூரிலிருந்து வந்திருந்த விவசாயப் பெண் ஒருவர், "இதுல என்னங்க எழுதியிருக்குது? ஒரு வரி படிச்சுக் காட்டுங்க" என்றார்.

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஒருநாளும் திறந்ததில்லை. துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டித் திறந்து, தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தேன். அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்ததெல்லாம் கரையான் மண்; பொலபொலவென்று தரையில் கொட்டியது.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்: "வெதை ராகியக்கூட நாங்க மாசம் ஒருக்கா கொட்டி, பூச்சி இருக்குதான்னு பாப்போங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சொல்லிக்கொண்டே குனிந்து, அந்த மண்ணைத் தன் முந்தானையில் அள்ளினார்.

அடுத்த மாதமும் சுற்றிக் காட்டினேன். அலமாரியிடம் வந்ததும், கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.